கிட்: உங்கள் கிளையைச் சர்வர் கிளையுடன் இணைப்பது எப்படி?

கிட் பழகத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஃபைல்களை மாற்றினேன், கமிட் செய்தேன், புதிய கிளையும் தொடங்கினேன். எல்லாம் ஒழுங்காகப் போனது. புஷ் என்று கொடுத்ததும், இந்தக் கிளைக்கு அப்ஸ்ட்ரீம் இல்லை என்று செய்தி வருகிறது. அது என்ன அப்ஸ்ட்ரீம்?"

இந்தச் செய்தி வந்தவர்கள் ஒரு வகையில் கொடுத்து வைத்தவர்கள். இணைப்பு இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. புஷ் கொடுக்காமலே வேலை பார்ப்பவர்களுக்கு எந்தச் செய்தியும் வராது. அவர்களின் உழைப்பு முழுவதும் ஒரே ஒரு டிஸ்க்கை நம்பி இருக்கும். ஆகவே இணைப்பை ஏற்படுத்துவது எப்படி என்பதுடன், இணைப்பு இருக்கிறதா என்று சோதிப்பது எப்படி என்பதையும் இங்கே பார்ப்போம்.

கிட் பற்றிச் சில வரிகள்

ஒரு ஃபோல்டரில் உள்ள ஃபைல்களில் நீங்கள் செய்யும் மாற்றங்களை, தேதி வாரியாகவும் குறிப்புடனும் சேமித்து வைக்கும் புரோகிராம் கிட். லினக்ஸ் கெர்னலைத் தந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் குழுவினர் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற தொகுப்பின் இலவச அனுமதி நின்றுபோனதே காரணம். அதே ஆண்டு ஜூலையில் ஜூனியோ ஹமானோ பராமரிப்புப் பொறுப்பை ஏற்றார்.

கிட்டின் முக்கிய குணம் இது: சேமிப்பு முழுவதும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். இணையத் தொடர்பு இல்லாமலே கமிட் செய்யலாம், கிளை தொடங்கலாம், பழைய நிலைக்குத் திரும்பலாம். கிட்ஹப், கிட்லேப் போன்ற தளங்களில் இருப்பது இன்னொரு பிரதி. இந்த இரண்டு பிரதிகளும் தாமாகப் பேசிக்கொள்வதில்லை. நீங்கள் சொன்னால்தான் பேசும். புஷ் என்றால் இங்கிருந்து அங்கே அனுப்பு. ஃபெட்ச் என்றால் அங்கே உள்ள புதியவற்றை வாங்கி வை. புல் என்றால் வாங்கி, நான் இப்போது இருக்கும் கிளையிலும் சேர்.

தொடங்கும் முன்

கிட்டை நிறுவி, ஏதாவது ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கி, அங்குள்ள களஞ்சியத்தை குளோன் கட்டளையால் உங்கள் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அந்த ஃபோல்டரில் கிட் பேஷ் விண்டோவைத் திறந்துகொள்ளுங்கள். கிட்ஹப் தளம் 2021 ஆகஸ்ட் 13 முதல் புஷ் போன்ற வேலைகளுக்குச் சாதாரண பாஸ்வேர்டை ஏற்பதில்லை. பிரவுசர் திறந்து லாகின் செய்யச் சொன்னால் செய்துவிடுங்கள்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கிளையின் பெயரையும் அப்படியே ஆங்கில எழுத்துகளில் கொடுங்கள்.

உதாரணத்துக்கு, என் தங்கையின் இட்லி மாவு வியாபாரத்துக்காக நான் பார்த்துக்கொள்ளும் சிறிய இணையதளத்தை எடுத்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர் பார்ப்பது மெயின் என்ற கிளை. புதிய விலைப்பட்டியலைத் தயார் செய்ய விலை என்று ஒரு கிளை. வேலை நடப்பது இரண்டு இடங்களில்: வீட்டில் டெஸ்க்டாப், வெளியே போனால் லேப்டாப்.

ஒரே பெயரில் மூன்று

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. விலை என்று நாம் சொல்லும் கிளை உண்மையில் மூன்று இடங்களில் இருக்கிறது.

1. விலை: உங்கள் கம்ப்யூட்டரில் நீங்கள் வேலை செய்யும் கிளை. கமிட் செய்தால் நகர்வது இதுதான்.

2. சர்வரில் உள்ள விலை: இணையத்தின் மறுமுனையில் இருப்பது. புஷ் செய்தால்தான் இது மாறும்.

3. ஆரிஜின்/விலை: சர்வரில் உள்ள கிளையைக் கடைசியாகப் பார்த்தபோது அது எப்படி இருந்தது என்று கிட் உங்கள் கம்ப்யூட்டரிலேயே எழுதி வைத்திருக்கும் குறிப்பு. ஆரிஜின் என்பது, எந்தச் சர்வரிலிருந்து குளோன் செய்தீர்களோ அதற்குக் கிட் தானாகச் சூட்டும் பெயர்.

மூன்றாவதைச் சர்வர் என்று நினைப்பவர்கள் அதிகம். அது சர்வர் அல்ல. நேற்று சந்தையில் விசாரித்துச் சட்டைப்பையில் எழுதி வைத்த விலை மாதிரி. இன்று சந்தையில் விலை ஏறியிருந்தால் உங்கள் சீட்டு தானாக மாறாது. மறுபடி போய் விசாரிக்க வேண்டும். அந்த விசாரிப்புதான் ஃபெட்ச்.

இணைப்பு என்று நாம் பேசுவது, முதலாவது கிளைக்கு "உன் மறுமுனை சர்வரில் உள்ள இந்தக் கிளை" என்று சொல்லி வைப்பது. அந்த மறுமுனைக்குப் பெயர் அப்ஸ்ட்ரீம். வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. உங்கள் வயல் கடைமடை, அப்ஸ்ட்ரீம் தலைமடை. எந்த மடையிலிருந்து தண்ணீர் வர வேண்டும் என்று குறித்து வைக்கிறோம். குறித்த உடனே தண்ணீர் வந்துவிடாது. இணைப்பு கொடுப்பதால் மட்டும் எந்த ஃபைலும் போவதுமில்லை, வருவதுமில்லை.

முதல் முறை இணைப்பது

டெஸ்க்டாப்பில் புதிய கிளை தொடங்குவோம்.

1. கிட் ஸ்விட்ச் -சி விலை

சி என்ற எழுத்துக்கு முன் இடைவெளி விட்டு ஹைபன் போட வேண்டும். விலை என்ற கிளை உருவாகி, அதற்குள் சென்றுவிடுவீர்கள். ஸ்விட்ச் கட்டளை 2019-இல் வந்த 2.23 பதிப்பிலிருந்து உள்ளது. அதற்கு முந்தைய பதிப்பாக இருந்தால் ஸ்விட்ச் -சி என்பதற்குப் பதில் செக்அவுட் -பி என்று கொடுங்கள்.

2. விலைப்பட்டியலை மாற்றிச் சேமித்து, வழக்கம்போல் ஆட், கமிட் செய்யுங்கள்.

3. கிட் புஷ் -யு ஆரிஜின் விலை

இந்த ஒரே வரியில் இரண்டு வேலைகள் முடிகின்றன. விலை கிளை சர்வரில் உருவாகி உங்கள் கமிட்கள் அங்கே போய்ச் சேர்கின்றன. யு என்ற எழுத்து இருப்பதால் இணைப்பும் பதிவாகிறது. இனி இந்தக் கிளையில் இருக்கும்போது கிட் புஷ், கிட் புல் என்று மட்டும் கொடுத்தால் போதும்.

கட்டளையில் எழுத்துப்பிழை வந்துவிடுமோ என்று தயங்குபவர்களுக்கு ஒரு வழி. கிட் புஷ் என்று மட்டும் கொடுங்கள். இணைப்பு இல்லாத கிளை என்றால் கிட் அனுப்ப மறுத்து, கொடுக்க வேண்டிய முழுக் கட்டளையையும் திரையில் எழுதிக் காட்டும். அதை மவுஸால் தேர்வு செய்து காப்பி, பேஸ்ட் செய்து என்டர் தட்டினால் வேலை முடிந்தது. யு என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் செட் அப்ஸ்ட்ரீம் என்ற நீண்ட வடிவம் அதில் இருக்கும். இரண்டும் ஒன்றே.

இரண்டு பக்கமும் கிளை இருந்தால்

சில சமயம் சர்வரிலும் கிளை இருக்கும், உங்களிடமும் இருக்கும். இணைப்பு மட்டும் இருக்காது. யு இல்லாமல் கிட் புஷ் ஆரிஜின் விலை என்று அனுப்பியிருந்தால் இப்படித்தான் ஆகும். அப்போது இந்த இரண்டு வரிகள்:

கிட் ஃபெட்ச்
கிட் பிராஞ்ச் -யு ஆரிஜின்/விலை

கவனியுங்கள். புஷ் கட்டளையில் ஆரிஜினுக்கும் விலைக்கும் நடுவே இடைவெளி விட்டோம். இங்கே சாய்கோடு போடுகிறோம். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இதில்தான். காரணம் தெரிந்தால் மறக்காது. புஷ் கட்டளையில் இரண்டு தனித்தனி விவரங்கள் தருகிறோம்: எந்தச் சர்வர், எந்தக் கிளை. பிராஞ்ச் கட்டளையில் ஒரே ஒரு பெயர்தான் தருகிறோம். மேலே பட்டியலில் மூன்றாவதாகச் சொன்ன குறிப்பின் பெயர் அது. சாய்கோடு அந்தப் பெயரின் ஒரு பகுதி.

அப்படி ஒரு அப்ஸ்ட்ரீம் கிளையே இல்லை என்று செய்தி வந்தால், அந்தக் குறிப்பு இன்னும் உங்கள் கம்ப்யூட்டரில் எழுதப்படவில்லை என்று பொருள். அதனால்தான் முதலில் ஃபெட்ச் கொடுத்தோம். ஃபெட்ச் கொடுத்த பிறகும் அதே செய்தி வந்தால் சர்வரில் அந்தக் கிளை இல்லை, அல்லது பெயரை மாற்றி டைப் செய்திருக்கிறீர்கள்.

அடுத்த கம்ப்யூட்டரில்

டெஸ்க்டாப்பில் கொடுத்த இணைப்பு லேப்டாப்புக்கு வராது. இணைப்பு விவரம் சர்வருக்குப் போவதே இல்லை. உங்கள் ஃபோல்டருக்குள் கிட் என்ற பெயருக்கு முன் புள்ளி வைத்த ஃபோல்டர் ஒன்று மறைந்திருக்கும். அதில் உள்ள கான்ஃபிக் என்ற ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். கிளையின் பெயர் தலைப்பாக ஒரு வரி. அதன் கீழே சர்வரின் பெயர் ஒரு வரி, மறுமுனைக் கிளையின் பெயர் ஒரு வரி. இவ்வளவு பேசும் இணைப்பு இந்தச் சில வரிகள்தான். பார்த்துவிட்டு எதையும் மாற்றாமல் மூடிவிடுங்கள்.

எனவே ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனியாக இணைக்க வேண்டும். ஆனால் லேப்டாப்பில் வேலை இன்னும் எளிது.

கிட் ஃபெட்ச்
கிட் ஸ்விட்ச் விலை

இங்கே சி தேவையில்லை. உங்களிடம் விலை என்ற கிளை இல்லாமல், ஆரிஜினில் மட்டும் இருந்தால், கிட் அதே பெயரில் கிளை உருவாக்கி இணைப்பையும் தானே கொடுத்துவிடும். தவறுதலாக சி சேர்த்துவிட்டால், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அதே பெயரில் வேறொரு புதிய கிளை பிறக்கும். டெஸ்க்டாப்பில் செய்த வேலை அதில் இருக்காது. சி என்றால் புதிதாக உருவாக்கு என்று நினைவில் வையுங்கள்.

இணைப்பு இருக்கிறதா?

இதற்கான கட்டளை:

கிட் பிராஞ்ச் -விவி

ஹைபனுக்குப் பின் வி என்ற எழுத்து இரண்டு முறை. உங்கள் கிளைகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு வரியிலும் சதுர அடைப்புக்குறியைத் தேடுங்கள்.

அடைப்புக்குறிக்குள் ஆரிஜின்/விலை என்று மட்டும் இருந்தால், இணைப்பு உண்டு. கடைசியாக விசாரித்த வரையில் இரண்டும் சமம்.

அஹெட் 2 என்றால், உங்களிடம் உள்ள இரண்டு கமிட்கள் இன்னும் அனுப்பப்படவில்லை. புஷ் கொடுங்கள்.

பிஹைண்ட் 1 என்றால், அங்கே உள்ள ஒரு கமிட் உங்களிடம் சேரவில்லை. புல் கொடுங்கள்.

இரண்டும் இருந்தால், இரண்டு பக்கமும் தனித்தனியே வளர்ந்துவிட்டன. புஷ் மறுக்கப்படும். கிட் புல் --நோ-ரீபேஸ் என்று கொடுத்து இரண்டையும் சேர்த்த பின் அனுப்புங்கள். மறுக்கிறதே என்று ஃபோர்ஸ் சேர்த்து அனுப்பினால், மறுபக்கத்து வேலை சர்வர் கிளையிலிருந்து விடுபட்டுப் போகும்.

கான் என்று இருந்தால், மறுமுனைக் கிளை சர்வரிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. உங்களிடம் உள்ள கிளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடைப்புக்குறியே இல்லை என்றால், அந்தக் கிளைக்கு இணைப்பு இல்லை. முதலில் கவனிக்க வேண்டிய வரி இதுதான்.

ஸ்டேட்டஸ் சொல்லாத செய்தி

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி இறுதி ஆண்டு புராஜெக்டை கிட்டில் வைத்திருந்தார். ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கும்போது லேப்டாப் டிஸ்க் போய்விட்டது. சர்வரில் பார்த்தால் மெயின் கிளை இருந்தது. மூன்று வாரமாக வேலை செய்த கிளை இல்லை. "தினமும் கிட் ஸ்டேட்டஸ் பார்த்தேன் சார். கமிட் செய்ய எதுவும் இல்லை, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றுதான் வந்தது" என்றார்.

ஸ்டேட்டஸ் பொய் சொல்லவில்லை. நத்திங் டு கமிட், வொர்க்கிங் ட்ரீ கிளீன் என்ற வரிக்கு, ஃபைல்களில் செய்த மாற்றங்கள் எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில் கமிட் ஆகிவிட்டன என்று மட்டுமே பொருள். சர்வரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இணைப்பு உள்ள கிளையாக இருந்திருந்தால், அதற்கு மேலே இத்தனை கமிட்கள் முன்னால் இருக்கிறீர்கள் என்று இன்னொரு வரி வந்திருக்கும். இணைப்பு இல்லாத கிளையில் ஒப்பிட மறுமுனை இல்லாததால் அந்த வரியே வராது. அவர் மெயினிலிருந்து பிரித்து எழுதிய பகுதியை நினைவிலிருந்து மறுபடி எழுதினார். பாதிதான் முடிந்தது.

இணைப்பு இருந்தாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. யுவர் பிராஞ்ச் இஸ் அப் டு டேட் என்று வந்தால் சர்வருடன் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். கிட் ஒப்பிடுவது சட்டைப்பையில் உள்ள சீட்டுடன். ஸ்டேட்டஸ் கட்டளை இணையத்தைத் தொடுவதே இல்லை. நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கொடுத்தாலும் அதே பதில் வரும். ஆகவே கிட் ஃபெட்ச் கொடுத்த பிறகு ஸ்டேட்டஸ் பாருங்கள்.

தவறான மறுமுனை

சர்வரில் உள்ள மெயினை அடிப்படையாக வைத்துப் புதிய கிளை தொடங்க, கிட் ஸ்விட்ச் -சி விலை ஆரிஜின்/மெயின் என்று கொடுப்பவர்கள் உண்டு. இதில் ஒரு பக்க விளைவு இருக்கிறது. வேறு அமைப்பு எதுவும் செய்யாதிருந்தால், விலை கிளையின் மறுமுனையாக ஆரிஜின்/மெயின் பதிவாகிவிடும். புல் கொடுத்தால் மெயினில் உள்ளவை வந்து சேரும். புஷ் கொடுத்தால், பெயர் பொருந்தவில்லை என்று கிட் நிறுத்திவிடும்.

அப்படி நிறுத்துவது நல்லதற்குத்தான். இல்லாவிட்டால் முடிவாகாத விலைப்பட்டியல் வாடிக்கையாளர் பார்க்கும் மெயின் கிளைக்குப் போய்விடும். இந்தப் பாதுகாப்பு 2014-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து இயல்பாக உள்ளது. சரி செய்ய, கிட் புஷ் -யு ஆரிஜின் விலை என்று கொடுங்கள். பழைய மறுமுனை போய்ப் புதியது பதிவாகும். இணைப்பே வேண்டாம் என்றால் கிட் பிராஞ்ச் --அன்செட்-அப்ஸ்ட்ரீம் என்று கொடுக்கலாம். குறிப்பு மட்டும் அழியும். கமிட்கள் அப்படியே இருக்கும்.

பழைய புத்தகங்களைப் பார்த்துப் பழகுபவர்களுக்கு: பிராஞ்ச் கட்டளையுடன் செட்-அப்ஸ்ட்ரீம் என்ற வடிவம் அவற்றில் இருக்கும். அதில் பெயர்களின் வரிசை பலரைக் குழப்பியதால், 2012-இல் வந்த 1.8 பதிப்பில் -யு சேர்க்கப்பட்டது. பழைய வடிவம் 2017-இல் நீக்கப்பட்டது. அதை விட்டுவிடுங்கள்.

ஒரு முறை அமைத்துவிட்டால்

ஒவ்வொரு புதிய கிளைக்கும் யு போட மறந்துவிடுகிறது என்பவர்கள் இதைச் செய்யலாம்:

கிட் கான்ஃபிக் --குளோபல் புஷ்.ஆட்டோசெட்அப்ரிமோட் ட்ரூ

புள்ளிக்குப் பின் வரும் மூன்று சொற்களையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதுங்கள். அதன் பிறகு புதிய கிளையில் கிட் புஷ் என்று மட்டும் கொடுத்தாலே அதே பெயரில் சர்வரில் கிளை உருவாகி இணைந்துவிடும். இந்த வசதி 2022 ஜூனில் வந்த 2.37 பதிப்பிலிருந்து உண்டு. உங்கள் பதிப்பை அறிய கிட் --வெர்ஷன் என்று கொடுங்கள். இதையும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனியாகச் செய்ய வேண்டும். இது புஷ்ஷை எளிதாக்குமே தவிர, உங்களுக்காகப் புஷ் கொடுக்காது.

கம்ப்யூட்டரை அணைக்கும் முன்

நான் வேலை முடித்து எழும்போது செய்யும் நான்கு சோதனைகளைத் தருகிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாது.

1. கிட் ஸ்டேட்டஸ்: கமிட் செய்யாத ஃபைல் ஏதும் இருக்கிறதா? புஷ் அனுப்புவது கமிட்களை மட்டும்தான்.

2. கிட் புஷ்: பிழைச் செய்தி வந்தால் படியுங்கள்.

3. கிட் ஃபெட்ச்: சீட்டைப் புதுப்பியுங்கள்.

4. கிட் பிராஞ்ச் -விவி: அடைப்புக்குறி இல்லாத வரியோ, அஹெட் என்ற சொல்லோ இருக்கிறதா?

நான்காவதில் தயக்கம் இருந்தால் பிரவுசரில் உங்கள் களஞ்சியத்தைத் திறந்து, கிளைகளின் பட்டியலில் உங்கள் கிளையைத் தேர்வு செய்து, கடைசி கமிட் எது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். இன்று இரவே உங்களிடம் உள்ள ஒவ்வொரு களஞ்சியத்திலும் நான்காவது கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அடைப்புக்குறி இல்லாத கிளை ஒன்றாவது கண்ணில் பட்டால், அது பத்திரமாக இருக்க வேண்டிய வேலையா என்று யோசித்து, ஆம் என்றால் உடனே இணைத்து அனுப்பிவிடுங்கள்.